கண்ணால் படித்த காப்பியம்

தமிழ் பயின்ற நமக்குத் திரைப்படம் நெடுங்காலம் வசனமாகவே இருந்தது. காதால்தான் படம் பார்த்தோம். அதை மாற்றியவர் தமிழறியாத ஓர் அமெரிக்கர், எல்லிஸ் ஆர். டங்கன்.

சேர்வராயன் மலையடிவாரத்தில், ஏற்காடு சாலையில் இயங்கிய சேலம் மாடர்ன் தியேட்டர்ஸுக்காக, டி.ஆர். சுந்தரத்துடன் அவர் இயக்கிய 'மந்திரிகுமாரி' (1950) குண்டலகேசிக் கதையைத் தழுவியது. அக்காப்பியத்தில் சில பாடல்களே நமக்குக் கிடைத்துள்ளன. வகுப்பில் கதையைச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். படத்திலோ மலையுச்சி இருக்கிறது; தன்னைக் கொல்ல அழைத்துவந்த கணவனை வலம்வந்து தள்ளிவிடும் பெண் இருக்கிறாள். கலைஞர் மு. கருணாநிதியின் வசனம் கூர்மையானதே. ஆயினும் நெஞ்சில் நிற்பவை, விளிம்பில் அவள் எடுத்துவைக்கும் அடிகள்.

அப்படநிலையத்தின் முகப்பு வளைவு இன்றும் நிற்கிறது. அதைக் கடந்து மலையேறும்போதெல்லாம், மொழியறியாதவரிடம் பார்க்கக் கற்ற நன்றி நமக்குள் எழுகிறது.