தொப்பியாகிப் போன முண்டாசு

எங்கள் கடைக்கு வருடத்தில் இரண்டு நாள் பாரதி வருவார். டிசம்பர் 11 பிறந்த நாள், செப்டம்பர் 11 நினைவு நாள். வந்தால் ஒருவராக வரமாட்டார்; முப்பது நாற்பது பேர், எல்லாருக்கும் ஆறேழு வயது. கறுப்புக் கோட்டு, மையால் வரைந்த மீசை, தைத்து வைத்த வெள்ளை முண்டாசு. நாடக உடைகளை வாடகைக்கு விடுவது எங்கள் தொழில். அந்த முண்டாசுக்குள் ஸ்பாஞ்சு வளையம் இருக்கிறது. தலையில் கவிழ்த்தால் வேலை முடிந்தது. வாங்கி அடுக்கியவனே நான் என்பதால் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அப்பா காலத்தில் கடையில் தலைப்பாகை என்று தனியாக ஒரு சாமான் கிடையாது. துணிதான் இருந்தது. ஐந்து மீட்டர் மல் துணியை நீர்த்த கஞ்சியில் முக்கி, முக்கால் பதம் காய்ந்ததும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து நீளவாக்கில் மடிப்போம். ஒரு முனையைக் காதுக்கு மேலே அழுத்திக்கொண்டு முதல் சுற்றைச் சாய்வாகக் கொண்டுவர வேண்டும். அடுத்தது எதிர்ச்சாய்வு. நெற்றியில் இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் கட்டு நிற்கிறது. இறுக்கினால் இரண்டாவது காட்சிக்குள் நடிகருக்குத் தலை வலிக்கும். தளர்த்தினால் சண்டைக் காட்சியில் எதிராளி காலடியில் கிடக்கும். சுண்டுவிரல் உள்ளே போய்வர இடம் வேண்டும் என்பார் அப்பா. மண்டைக்கு மண்டை கணக்கு வேறு. புடைத்த பின்மண்டை வரம், தட்டை மண்டைக்குக் கூடுதலாக ஒரு சுற்று.

காசியில் இருந்த நாட்களில்தான் பாரதி தலைப்பாகைக்கும் மீசைக்கும் வந்தார். ஆனால் எங்களிடம் வருகிறவர்கள் மனதில் இருக்கும் பாரதி பெரும்பாலும் 1961-ல் வந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்து எஸ்.வி.சுப்பையாதான். ராதாகிருஷ்ணன் வேடம் கேட்டால் அப்பா ஒரு மடிப்புகூடப் பிசகாமல் கட்டுவார். விஸ்வேஸ்வரய்யாவின் மைசூர்ப் பேட்டா மட்டும் அப்போதே தயாராகக் கிடைத்தது. சரிகை வைத்தது, சால்வையோடு மேடையில் சூட்டுவார்களே, அதுதான்.

1806-ல் வேலூர்க் கோட்டையில் நடந்ததை இந்தத் தொழிலில் இருப்பவன் வேறு மாதிரி வாசிப்பான். சென்னைப் படையின் தளபதி சர் ஜான் கிரடாக், சிப்பாய்களின் பழைய தலைப்பாகையை எடுத்துவிட்டுத் தொப்பி சாயலில் புதிதாக ஒன்றைக் கொடுத்தார். அதில் தோலால் செய்த சின்னம் வேறு. நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது என்றும் உத்தரவு. தொப்பி போட்டால் அடுத்தது மதமாற்றம் என்று சிப்பாய்கள் அஞ்சினார்கள். கோட்டையில் இருந்த திப்புவின் பிள்ளைகளை வைத்தும் காரணம் சொல்வார்கள். ஜூலை 10 விடியுமுன் துப்பாக்கி வெடித்தது. கலகத்தை அடக்கினாலும் கிரடாக்கையும் ஆளுநர் பெண்டிங்கையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. முண்டாசைத் தொப்பியாக்கியதற்கு அன்று அவ்வளவு ரத்தம். இன்று நானே டஜன் கணக்கில் ஆக்கி வைத்திருக்கிறேன். ஒருவரும் முணுமுணுக்கக் காணோம்.

போன தை மாதம் ஒரு கல்யாண மாப்பிள்ளை வந்தார். வரவேற்புக்கு ஷெர்வானி, மேலே வடநாட்டுப் பாணித் தலைப்பாகை. தயாராக இருந்த எதுவும் அவர் தலைக்கு இறங்கவில்லை. கூட வந்த தாத்தா தலையில் கட்டியிருந்த துண்டை உருவி முகத்தைத் துடைத்து, உதறி, பேச்சை நிறுத்தாமலே மறுபடி கட்டிக்கொண்டார். நான் பட்டுத் துணி எடுத்து மாப்பிள்ளைக்குக் கையால் கட்டினேன். கண்ணாடியில் இப்படியும் அப்படியும் பார்த்தவர், இரண்டு கையாலும் கட்டுக் குலையாமல் மெல்லக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

“அண்ணே, இதை இப்படியே ரெண்டு தையல் போட்டுக் குடுத்துருங்க.”

ஊசியில் நூல் கோத்தேன்.