வெந்நீர்க் கெண்டி

முதுமையடைந்தோர் நூதனக் கருவிகளை வெறுப்பர் என்று உலகோர் கூறுவர். யாம் அதனை முற்றும் ஒப்புவதற்கில்லை. அவர் வெறுப்பது கருவியையன்று. 'நீவிர் தளர்ந்துவிட்டீர்' என்று அது நாள்தோறும் நினைவூட்டுவதையே.

ஜப்பான் தேயத்தில் ஜோஜிருஷி என்னும் கம்பெனியார் 2001-ஆம் ஆண்டில் மின்சார வெந்நீர்க் கெண்டியொன்றை வெளியிட்டனர். தேநீருக்கென வெந்நீரை நாள் முழுதும் கெண்டியில் வைத்திருத்தல் அந்நாட்டு இல்லங்களின் வழக்கம். இக்கெண்டியினுள்ளேயோ, கம்பியின்றிச் செய்தி விடுக்கும் சிறு பொறியொன்றும் அமைந்திருந்தது. தனித்துறையும் மூதாட்டி வெந்நீர் வார்த்த செய்தி, தொலைவிலுள்ள மகனுக்கு நாளொன்றுக்கு இருமுறை மின்னஞ்சலாய்ச் செல்லும். அவர் புதிதாய்க் கற்கவேண்டுவது யாதுமில்லை. வழக்கம்போல் தேநீர் பருகினாற் போதும். அறைதோறும் காமிரா பொருத்துவோம் என்றிருப்பின் எத்தனை பேர் இசைந்திருப்பர்?

ஆயினும், அன்னையின் சம்மதம் பெறாது அக்கெண்டியை அடுக்களையில் வைத்தல் ஒற்றாடலேயாம்; அது நன்மகன் செயலன்று. வேறோர் ஐயமும் எம்மை வருத்துகின்றது. செய்தி வாராத நாளில் மகன் பதறி ஓடிவருவான். அது தவறாது வந்துகொண்டிருக்கும் மாதங்களில் அவன் வருவானோ?