எவ்வளவு தாங்கும்? வில்லியனூர், பாகூர் டர்போ பட்டறைகளில்

புதுச்சேரி வில்லியனூரிலிருந்து விழுப்புரம் போகும் சாலையோரம், டயர் கடைக்கும் லேத்து பட்டறைக்கும் நடுவே தகரக் கூரை போட்ட ஒரு மெக்கானிக் ஷெட். உள்ளே மேசைமேல் ஒரு டர்போ கழற்றி வைக்கப்பட்டிருக்கிறது. மாஸ்டர் அதன் ஷாஃப்டை இரண்டு விரலால் பிடித்து முதலில் மேலும் கீழும் அசைக்கிறார், பிறகு முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்கிறார். மேலும் கீழும் துளி ஆட்டம் இருந்தால் பரவாயில்லை. எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்து சுற்றும்படிதான் அந்த பேரிங் அமைந்திருக்கிறது. முன்பின்னாக ஆடினாலோ, விசிறி இறக்கை ஓட்டில் உரசிய தடம் தெரிந்தாலோ கதை முடிந்தது. டயல் கேஜ் பக்கத்திலேயே இருக்கிறது. விரல் ஏற்கெனவே சொல்லிவிட்டதை அது எண்ணாக உறுதி செய்கிறது.

சின்ன காரில் வரும் டர்போவின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2,00,000 சுற்றுகளைத் தாண்டக்கூடியது. பெட்ரோல் இன்ஜினில் அதன் ஒரு முனையை 900 டிகிரிக்கு மேல் கொதிக்கும் புகை தள்ளுகிறது. மறுமுனையில் இருக்கும் விசிறி வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, இன்ஜினுக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் எரிபொருளைக் கூட்டலாம், எரிபொருள் கூடினால் இழுவை கூடும். வீணாகப் போகும் புகையை இப்படி வேலை வாங்கலாம் என்று சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905-இல் காப்புரிமை எடுத்தார். இன்று நம் சாலைகளில் ஓடும் லாரி, கார், டிராக்டர்களுக்கு வேண்டிய டர்போக்களில் பல சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே உள்ள பையனூரிலேயே, டர்போ எனர்ஜி நிறுவனத்தின் ஆலையில் உருவாகின்றன. 1982-இல் தொடங்கிய நிறுவனம் அது.

இப்படி டர்போவைக் கழற்றி மாட்டி, கார் இன்ஜினுக்கு வேகமும் ஏற்றும் கை வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தில் எப்படி வந்தது? விடை பாகூர் வயலில் இருக்கிறது.

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் பாகூர். அங்கே சொர்ணவாரி, சம்பா, நவரை என்று அறுவடைக்கு அறுவடை இறங்கும் மிஷின்களில் பலவும் டர்போ டீசல் இன்ஜினில் ஓடுபவை. சேற்று வயலுக்கு வரும் பெல்ட் வண்டிகள் குறிப்பாக. நெல் தூசியும் வைக்கோல் துகளும் ஏர் ஃபில்டரை அடைத்துக்கொண்டே இருக்கும். ஃபில்டரில் கிழிசல் விழுந்தால் அந்தத் தூசி நேராக டர்போ விசிறியில் அடித்து இறக்கை நுனியைத் தின்றுவிடும். கதிர் முற்றி நிற்கும்போது மிஷின் படுத்தால் விவசாயி காத்திருக்க முடியாது. மறுநாளே மழை வரலாம். இந்த அவசரத்தில், வயல் வரப்பில் தார்ப்பாய் விரித்துக் கழற்றி மாட்டியவர்கள்தான் வில்லியனூர், பாகூர் பட்டறைக்காரர்கள். நான் பாகூர் பக்கம் போயிருந்தபோதும் ஒரு இளைஞர் ஹோஸ் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி எங்கே வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தார். அழுத்தக் காற்று கசிந்தால் கரும்புகை வரும், இழுவை போகும். டர்போ மேலேயே எல்லாரும் பழி போடுவார்கள். பாதி நேரம் குற்றவாளி ஒரு கிளிப்பாகத்தான் இருக்கும் என்றார் அவர்.

பழைய டீசல் வண்டிகளில் பவர் ஏற்றுவதும் எளிதாக இருந்தது. ஃப்யூவல் பம்பில் ஒரு ஸ்க்ரூவைத் திருகினால் டீசல் கூடுதலாகப் போகும். லாரிக்காரர்கள் கேட்டு வாங்கிய வேலை இது. ஆனால் எரிக்கக் காற்று போதாவிட்டால் கூடுதல் டீசல் கரும்புகையாகும், புகையின் சூடு ஏறும், பிஸ்டனின் தலை உருகும். வில்லியனூர் மாஸ்டர் பம்ப் வேலையில் தொடங்கியவர். எவ்வளவு திருகினால் பிஸ்டன் தாங்கும் என்ற கணக்கைப் பல ஆண்டுகளாகக் கையில் வைத்திருப்பவர். காமன் ரெயில் என்ற உயர் அழுத்த டீசல் முறை வந்த பிறகு ஸ்க்ரூ போய் கம்ப்யூட்டர் வந்தது. ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில், எத்தனை மில்லி செகண்டு, எத்தனை முறை டீசல் பீய்ச்ச வேண்டும் என்பதை ஈசியூ என்ற அந்தக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. ஐடிஐ முடித்து வந்த பையன் ஒருவன் லேப்டாப்பைப் பார்த்துக்கொள்கிறான், மாஸ்டர் இன்ஜினைப் பார்த்துக்கொள்கிறார். இருவரும் சேர்ந்தால்தான் அந்த ஷெட்டில் வேலை நடக்கிறது.

கார்களில் இவர்கள் கைக்கு அதிகம் பழகியது 1.3 லிட்டர் டீசல் ஸ்விஃப்ட். ஃபியட் வடிவமைத்த அந்த இன்ஜின் ஸ்விஃப்டில் 75 பிஎஸ் பவர், 190 நியூட்டன் மீட்டர் இழுவை கொடுத்தது. அதே இன்ஜின் சியாஸிலும் எர்டிகாவிலும், இறக்கைக் கோணம் மாறும் டர்போவோடு, 90 பிஎஸ், 200 நியூட்டன் மீட்டர் கொடுத்தது. கம்பெனியே இரண்டு விதமாக விற்ற இன்ஜின் என்பதால் எந்த எல்லைவரை போகலாம் என்பதற்குக் கண்ணெதிரே ஒரு சான்று இருந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்ததும் மாருதி டீசல் காரையே நிறுத்திவிட்டது.

நான் போன அன்று ஷெட்டில் நின்றது ஒரு போலோ ஜிடி டிஎஸ்ஐ. 2013-இல் வந்த மாடல். 1.2 லிட்டர் பெட்ரோல் டர்போ, 105 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர், ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். வண்டிக்காரர் இளைஞர்.

“அண்ணா, ஒரு 150 வருமா?”

“வரும் தம்பி. எத்தனை வருஷத்துக்கு வேணும்?”

அந்தக் கேள்வியில்தான் இவர்கள் தொழிலே இருக்கிறது. ஈசியூவின் கணக்கை ரீமேப் செய்து (அதாவது மாற்றி எழுதி) டர்போ அழுத்தத்தையும் இக்னிஷன் நேரத்தையும் மாற்றினால் இருபது, முப்பது சதவீதம் கூட்டுவது டர்போ காரில் பெரிய வித்தையில்லை. கம்பெனி அந்த இடைவெளியை விட்டு வைத்திருக்கிறது. மட்டமான பெட்ரோல், மே மாத வெயில், மலைச் சாலை, சர்வீஸ் தள்ளிப்போடும் முதலாளி என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து விட்ட இடைவெளி அது. அதைத் தொடும்போது முதலில் எது உடையும் என்று தெரிந்திருக்க வேண்டும். இந்தக் காரில் அது கியர்பாக்ஸ். இதன் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி 250 நியூட்டன் மீட்டர் வரைக்கும் என்றே வடிவமைக்கப்பட்டது. புதுச்சேரி நகர நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து கிளட்ச் ஏற்கெனவே தேய்ந்திருந்தால் அந்த எண்ணையும் நம்ப முடியாது. மாஸ்டர் 220-க்கு மேல் போக மறுத்துவிட்டார்.

இன்னொரு எதிரி நாக்கிங். அழுத்திய காற்று சூடாக இருந்தால், பிளக் பொறியில் தொடங்கும் தீ பரவி முடிப்பதற்குள் மீதிக் கலவை தானாக வெடித்துவிடும். சம்மட்டி அடி போல பிஸ்டனில் இறங்கும் வெடிப்பு அது. 1962-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் காரை டர்போவோடு விற்றபோதே இந்தத் தொல்லை வந்தது. தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை உள்ளே தெளித்து அதை அடக்கினார்கள். வாங்கியவர்கள் அந்த டாங்கை நிரப்ப மறந்தார்கள், கார் அடுத்த ஆண்டோடு நின்றுபோனது. இங்கே 38 டிகிரி வெயிலே நாக்கிங்கைத் தூண்டிவிடுகிறது. அதனால் பையன் காலையில் ஒரு லாக் (ஓடும் இன்ஜினின் பதிவு), உச்சி வெயிலில் ஒரு லாக் எடுக்கிறான். உள்ளே வரும் காற்றின் சூடு, டர்போ அழுத்தம், ஒவ்வொரு சிலிண்டரிலும் ஈசியூ இக்னிஷனை எவ்வளவு பின்னுக்கு இழுக்கிறது என்ற கணக்கு எல்லாம் கோடுகளாக விழுகின்றன. ஒரு சிலிண்டரில் மட்டும் இழுப்பு அதிகம். ரீமேப்பைத் தள்ளி வைத்துவிட்டு பிளக்குகளைக் கழற்றினார்கள். ஒன்றின் பீங்கானில் மெல்லிய விரிசல். நான்கையும் மாற்றிய பிறகுதான் மறுபடி லேப்டாப்பைத் தொட்டார்கள். வேகம் ஏற்றும் கடை என்று கேள்விப்பட்டுப் போன எனக்கு இந்தப் பொறுமை மிகவும் பிடித்திருந்தது. நோயைத் தேடுவதில்தான் பெரும்பாலான நேரம் போகிறது.

வேகம் ஏற்றும் இந்த அறிவுக்குப் பக்கத்துத் தமிழ்நாட்டில் நீண்ட வேர் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளம் கிடந்த சோழவரத்தில், 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடமே வந்துவிட்டது. கோவையில் பம்பு செட்டும் ஆலை இயந்திரமும் செய்து பழகிய லேத்துகள் பந்தய வண்டிக்கும் பாகம் கடைந்தன. பந்தய வீரர் எஸ். கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்தே ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை வண்டியை உருவாக்கினார். நரேன் கார்த்திகேயன் அதில் ஓட்டிப் பழகியவர். 1995-இல் வான் விபத்தில் இறந்த கரிவரதன் பெயரில்தான் செட்டிப்பாளையம் தடம் இருக்கிறது. 2010-இல் தொடங்கிய போலோ கப் பந்தயம் முதலில் டீசல் டர்போவோடும், பிறகு 180 பிஎஸ் பெட்ரோல் டர்போவோடும் இந்தத் தடங்களில் ஓடியது. வில்லியனூர் பையனின் செல்போனில் அந்தப் பந்தய வீடியோக்கள் நிறைய இருக்கின்றன.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த வடிவத்திலிருந்து மாறக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டிப்பாக உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் மாற்றினால் விபத்தின்போது பணம் வராமல் போகலாம். இங்கே அதிகாரிகள் வண்டிகளைக் கவனித்துத்தான் பார்க்கிறார்கள். பந்தயத்துக்கான கார் பந்தயத் தடத்தில் ஓடட்டும் என்பதே என் கருத்து.

டீசல் காரின் புகை வடிகட்டியை வெட்டி எறியும் வேலையை மாஸ்டர் தொடுவதில்லை. கேட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். அந்தக் கரித் துகள் சாலையோரம் நாற்று நடும் பெண்களின் மூச்சில்தான் போய்ச் சேரும். இந்த விஷயத்தில் அவர் பிடிவாதம் நூறு சதவீதம் சரி.

இவர்களுக்கு இல்லாதது டைனோ. சக்கரத்தை உருளைமேல் ஓட வைத்து இழுவையை அளக்கும் அந்த எந்திரம் இருந்தால் லாக் எடுக்க சாலைக்குப் போகவே வேண்டாம். ஆபத்தும் குறையும், கணக்கும் துல்லியமாகும். பெரிய ஊர்களில் டைனோ வைத்திருப்பவர்கள் மணிக்கணக்கில் வாடகை வாங்குகிறார்கள். ஐடிஐ ஒன்றில் அரசு இப்படி ஒரு எந்திரத்தை நிறுவினால் இந்த இரண்டு கொம்யூன்களின் பையன்களுக்கும் அது பெரிய படிப்பாகும்.

போலோ கிளம்பும்போது மாஸ்டர் இளைஞரிடம் வரிசையாகச் சொன்னார்: 95 ஆக்டேனுக்குக் குறையாத பெட்ரோல் மட்டும் போட வேண்டும், ஆயிலைக் கம்பெனி சொன்ன கிலோமீட்டரில் பாதியிலேயே மாற்ற வேண்டும், வேகமாக ஓட்டி வந்து நிறுத்தினால் ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டு டர்போ ஆறிய பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும். இல்லையென்றால் சூட்டில் எண்ணெய் கரியாகி பேரிங்கில் ஒட்டிவிடும். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் திரும்பக் கொண்டு வந்து லாக் காட்ட வேண்டும். பையன் ஒரிஜினல் ஃபைலை காரின் பதிவு எண் போட்டு ஹார்ட் டிஸ்கில் சேமித்துக்கொண்டான். வேண்டாம் என்றால் பழைய 105-க்கே திருப்பிக் கொடுக்க.