கொங்குச் சீமையில் கொஞ்ச நாள் – 3: நுரைக்குத் தப்பிய ஞாயிறு

வெண்ணந்தூர்த் தறிச் சத்தத்தைப் பற்றிப் போன வாரம் பக்கம் பக்கமாகப் புலம்பிவிட்டேன். ஞாயிறு மாமா வீட்டுத் தறிக்கு லீவு. "பக்கத்துல ஆறு இருக்குதாமே, காலார நடந்துட்டு வரலாமா?" என்றேன். மாமா சிரித்தபடி வண்டியை எடுத்தார். "வாங்க மாப்ளே, காட்டறேன்."

மதியம்பட்டிப் பக்கம் திருமணிமுத்தாறு. சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் மாநகருக்குள் புகுந்து புறப்படும் ஆறு. உள்ளே போகையில் தண்ணீர். வெளியே வருகையில் சாயக் கழிவும் சாக்கடையும். முந்தின இரவு மழை. மழையைச் சாக்கிட்டு எவரோ கழிவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். பாலத்தை ஒட்டி நுரை ஆளுயரம் எழும்பி, காற்றடித்தபோது பிய்ந்து இலவம்பஞ்சு மாதிரி காட்டுக்குள் பறந்தது. அதைப் பிடிக்க ஓடிய பையன் ஒருவனை அவன் அம்மா காதைத் திருகி இழுத்துப்போனாள். மருந்து நெடி தொண்டைவரை இறங்கியது.

"நாங்க நீச்சல் பழகுனதே இங்கதான். இப்பக் கால் நனைச்சா சொறிஞ்சே சாகணும். குளிக்கணும்னா ஜேடர்பாளையந்தான்."

திருச்செங்கோடு வழியாகப் போனோம். வழியில் எழுத ஒன்றுமில்லை, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகளைத் தவிர. அந்த ஊருக்கு அதுதான் பேர். ஆறுகள் இந்த லட்சணத்தில் இருந்தால் தொழில் அமோகமாகத்தான் நடக்கும்.

ஜேடர்பாளையத்தில் காவிரி அகலமாக, அவசரமில்லாமல் போகிறது. படுகை அணை, பக்கத்தில் பூங்கா, சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் வேன் வேனாக ஜனம். அணையையும் ராஜா வாய்க்காலையும் அமைத்தவர் பரமத்தியை ஆண்ட அல்லாள இளைய நாயக்கர். ஊரில் அவருக்குச் சிலை உண்டு. பரமத்திவேலூர் வெற்றிலைக்கும் வாழைக்கும் இன்றும் இந்தத் தண்ணீர்தான். 1934-இல் வந்த மேட்டூர் அணைக்கெல்லாம் இது பாட்டன்.

"தைரியமா இறங்குங்க மாப்ளே. நம்மூரு நுரை இதுக்குக் கீழ, நஞ்சை இடையாத்துக்கிட்டப் போய்த்தான் காவிரியில கலக்குது."

"சரிங்க மாமா. ஈரோடும் பள்ளிபாளையமும் இதுக்கு மேலதானே இருக்கு? அங்க சாயப்பட்டறை இல்லையா?"

மாமா மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கிவிட்டார். நானும் முங்கினேன். அந்த வெயிலுக்கு அந்தக் குளிர்ச்சி சொர்க்கம். பாறைமேல் உட்கார்ந்தால் தண்ணீர் முதுகைத் தட்டிக்கொடுக்கிறது. எழுந்து வரவே மனசில்லை, பசிதான் கிளப்பியது.

கரையோரம் மீனைப் பொறுக்கி எடை போட்டு வாங்கி, வறுக்கிற அக்காவிடம் கொடுத்துவிட வேண்டும். வறுகூலி தனி. ஜிலேபி மீன் நாலு கொடுத்தேன். மிளகாய்த்தூள் செக்கச்செவேலென்று மின்ன, கறிவேப்பிலை பொரிந்த மணத்தோடு தட்டு வந்தது. தலை மூன்றுதான் இருந்தது.

"நாலு மீன் குடுத்தேனே அக்கா?"

"எண்ணெயில போட்டாச் சுருங்குமுங்க தம்பி."

"சுருங்கட்டும். ஒரு மீன் மொத்தமாவா சுருங்கும்?"

"ஏனுங், நான் தின்னுட்டேங்கறீங்களா?" குரல் உயர்ந்தது. பக்கத்து அடுப்புக்காரி அவருக்குத் துணை. வரிசையில் நின்ற ஒரு வாத்தியார் எனக்குத் துணை. மாமா மட்டும் யாருக்கும் துணை போகாமல் இருந்த மூன்றில் ஒன்றைத் தின்றுகொண்டிருந்தார். கடைசியில் வேறு யாருடைய தட்டிலிருந்தோ கட்லா நடுத்துண்டு ஒன்று, அள்ளி வைத்த வெங்காயத்தோடு என் தட்டுக்கு வந்தது. "கோவிச்சுக்காமத் தின்னுங்க சாமி." யாருடைய மீனோ, ருசி அபாரம். காசில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.

தின்ற இலையைப் போடத் தொட்டி தேடி நடந்தேன். தொட்டி காலியாக இருந்தது. அதைச் சுற்றித்தான் குப்பை. சற்றுத் தள்ளி நாலு இளைஞர்கள் பீர் பாட்டிலைப் பாறையில் அடித்து உடைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தண்ணீரில்தான் குழந்தைகள் வெறுங்காலோடு இறங்கின. மாமா ஒரு அதட்டல் போட்டார். அடுத்த பாட்டிலைப் புதருக்குள் எறிந்தார்கள். நாகரிகம் அவ்வளவுதூரம் வந்திருக்கிறது.

அடுத்து கொல்லிமலை என்று மாமா திட்டம் வைத்திருக்கிறார். எழுபது கொண்டை ஊசி வளைவாம். கட்லா இன்னும் வயிற்றில் நீந்துகிறது. மலையேறுவதா, சேலத்துக்கு பஸ் ஏறுவதா என்று காலையில்தான் முடிவு செய்யவேண்டும்.

(தொடரும், அநேகமாக)