மஞ்சளின் மீது ஓர் உறை

பொருள்களின் மேற்பரப்பைப் பற்றி நமக்கு நல்லெண்ணம் குறைவு. ‘மேல்பூச்சு’ என்று சொல்லும்போதே அதனுள் ஒரு கண்டனமும் சேர்ந்துவிடுகிறது. இலக்கியம் கற்பிக்கிறவனுக்கு இந்த மனச்சாய்வு சற்றுக் கூடுதலாகவே இருக்கும். உட்பொருள், உள்ளுறை, இறைச்சி என்றே பேசிப் பழகிய வாய் அல்லவா? மோட்டார் சைக்கிளின் முகப்பில் வினைல் ஒட்டுவதைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் சிரித்ததில் வியப்பில்லை. ஆயினும் சென்ற மார்கழியில் என் வீட்டில் மூன்று நாள்கள் நடந்த அவ்வேலையைப் பதிவுசெய்யத் தோன்றுகிறது.

வண்டி என் தம்பியுடையது. 2003இல் அறிமுகமான ஹீரோ ஹோண்டா கரிஸ்மா, 223 சிசி. அடுத்த ஆண்டே மஞ்சள் நிறத்தில் ஒன்றை வாங்கினான். 2017இல் அவன் மறைந்த பிறகு வண்டி ஓடவில்லை. ஆனால் விற்கப்படவும் இல்லை. பெட்ரோல் இருசக்கர வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். 2019இலும் 2024இலும் நானே அழைத்துச்சென்று காட்டி வந்தேன். இப்போது அவன் மகனுக்குப் பத்தொன்பது வயது. உரிமம் வாங்கிவிட்டான். வண்டியைச் சாம்பல் நிறமாக்க வேண்டும் என்பது அவனது முதல் விருப்பம். அவன் தாய் மறுப்பேதும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “அந்த மஞ்ச போயிருமாய்யா?”

பட்டறையில் கொடுத்தால் போய்விடும். உப்புத்தாளால் தேய்த்து, பட்டி பார்த்து, புதிய வண்ணம் அடித்துவிடுவார்கள். பழைய நிறத்தைத் திரும்பப் பெற வழியில்லை. வினைல் படலம் இங்கேதான் வேறுபடுகிறது. அது அடியில் இருப்பதை அழிக்காமல் அதன் மேல் அமர்கிறது. பதிவுச் சான்றிதழில் நிறமும் குறிக்கப்பட்டிருப்பதால், வண்டி முழுவதையும் மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் வழியாகச் செல்லவேண்டியிருக்கும். ஆகவே பெட்ரோல் தொட்டியும் பக்கப் பலகைகளும் மஞ்சளாகவே நிற்கட்டும், ஃபேரிங் மட்டும் சாம்பல் அணியட்டும் என்று உடன்பாடு ஏற்பட்டது.

படலத்தில் இரு வகை உண்டு. பிவிசியைச் சூடான உருளைகளுக்கிடையே நசுக்கித் தகடாக்குவது காலண்டர்டு. நீர்மமாக ஊற்றிப் பரப்பி உலர்த்தி எடுப்பது காஸ்ட். முன்னது விலை குறைவு. ஆனால் இழுத்து உருவாக்கப்பட்டதாகையால் நாளடைவில் சுருங்கிப் பழைய அளவுக்கே மீள முயலும். சமதளமான பலகைக்கு அது போதும். கரிஸ்மாவின் முகப்பைப் போல மேடும் பள்ளமுமாக வளைகிற பரப்புக்குக் காஸ்ட் வகையே ஏற்றது. பசையோடு சேர்த்து அதன் தடிமன் ஏறத்தாழ 90 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பசைப் பரப்பில் நுண்ணிய கால்வாய்கள் இருக்கும் வகையைக் கேட்டு வாங்குவது நல்லது. சிக்கிய காற்று அவற்றின் வழியே வெளியேறிவிடும்.

ஃபேரிங்கைக் கழற்றி எடுத்து, வண்டிக்கும் பெட்ரோலுக்கும் தொலைவான அறையில் வைத்தே வேலையைத் தொடங்கவேண்டும்; ஹீட் கன்னும் பெட்ரோல் ஆவியும் ஓரிடத்தில் இருக்கலாகாது. சோப்பு நீரில் கழுவி உலர்த்தியபின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தோம். கை படாத உள்விளிம்புகளையும் துடைப்பது இன்றியமையாதது. படலம் பின்னாளில் பெயரத் தொடங்குவது அங்கிருந்துதான். மின்விசிறியை நிறுத்தினோம். புழுதி எழாமலிருக்கத் தரையில் நீர் தெளித்தோம். கோடை நண்பகலில் பசை தொட்ட இடத்திலேயே பற்றிக்கொள்ளும். மார்கழிக் காலை அந்த வகையில் அருமையான பொழுது.

இருவர் வேண்டும். நான் இரு மூலைகளைப் பிடித்துக்கொள்ள, அவன் நடுவில் படியவைத்து, விளிம்பில் மென்துணி ஒட்டிய பிளாஸ்டிக் தகட்டால் நடுவிலிருந்து வெளிநோக்கி நீவினான். சுருக்கம் விழுந்தால் அழுத்தித் தேய்க்கக் கூடாது. தூக்கி, இளஞ்சூடு காட்டினால் படலம் தானே தளர்ந்து நேராகும். பிறகு மீண்டும் படியவைக்கலாம். பள்ளங்களில் இழுத்துத் திணிப்பதைவிட, பள்ளத்திலேயே முதலில் படியவைத்துவிட்டு மேட்டுக்கு வருவது நன்று. விளிம்பில் சிறிது விட்டு வெட்டி உட்புறமாக மடிக்கவேண்டும்.

எல்லாம் முடிந்தது என்று தோன்றும் வேளையில்தான் முதன்மையான வேலை எஞ்சியிருக்கும். இழுபட்ட படலம் தன் பழைய வடிவத்தை நினைவில் வைத்திருக்கும். இழுத்த இடங்களை எல்லாம் ஏறத்தாழ 90 முதல் 110 பாகை செல்சியஸ் வரை சூடேற்றினால்தான் அந்நினைவு நீங்கிப் புதிய வடிவில் நிலைகொள்ளும். ஆனால் ஃபேரிங்குகள் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக். அதுவும் கிட்டத்தட்ட அதே வெப்பத்தில் இளகத் தொடங்கும். எனவே ஹீட் கன்னை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்கவேண்டும்.

உறை, உரை என்னும் இரு சொற்களும் ஓரெழுத்தால் வேறுபட்டவை, வேர்வகையில் உறவில்லாதவை. ஆயினும் அந்த அறையில் இரண்டையும் சேர்த்து நினைக்காமலிருக்க இயலவில்லை. குறளுக்குப் பரிமேலழகர் உள்ளிட்டோர் எழுதிய பழைய உரைகள் பதின்மருடையவை என்பர். ஒவ்வொருவரும் தத்தம் நிறத்தை அதன் மேல் படியவைத்தார்கள். மூலம் மூலமாகவே இருக்கிறது. அடுத்த தலைமுறை தன் உரையை எழுதிக்கொள்ள உரிமையுண்டு, மூலத்தைச் சுரண்டாதவரை.

வலப்புற ஃபேரிங்கில் ஒரு விரல் நீளத்துக்கு ஆழமான கீறல் இருந்தது. சிறுவனாக இருந்தபோது அவனைத் தொட்டியின் மேல் அமர்த்திக்கொண்டு சென்ற தம்பி, மழைநாளில் வண்டியோடு சரிந்ததன் தடம். இருவருக்கும் காயமில்லை. வினைலைப் பற்றிப் பலருக்கும் தெரியாத ஒன்று, அது எதையும் மறைக்காது என்பது. நிறத்தை மாற்றும், அவ்வளவே. 90 மைக்ரான் படலத்துக்கு அடியில் ஒரு மணல் துகள் இருந்தாலும் மேலே புள்ளியாக எழும். கீறல் கீறலாகவே தெரியும். பட்டி வைத்து நிரவி, உப்புத்தாளால் தேய்த்தபின் ஒட்டுவதே முறை. பட்டியைக் குழைக்க எடுத்தேன். அவன் என் கையைப் பிடித்தான்.

“அது கெடக்கட்டும் பெரியப்பா.”

அப்படியே ஒட்டினோம். இன்று வண்டி சாம்பல் முகத்தோடு தெருவில் போகிறது. வலப்புறத்தில் வெயில் சாய்ந்து விழும்போது அந்தக் கோடு தெரியும்.

இத்தகைய படலம் நிலையானதன்று. வெயிலில் அளவுக்கு மீறி ஆண்டுகள் கிடந்தால் நொறுங்கித் துண்டுதுண்டாகத்தான் வரும். அதற்கு முன்பே இளஞ்சூடு காட்டித் தாழ்ந்த கோணத்தில் மெல்ல இழுத்தால் முழுதாக உரிந்துவிடும். அடுத்த மறுபதிவு 2029இல் வருகிறது; அதற்கு முன் உரித்துவிடலாம் என்பது அவன் திட்டம். அப்போது ஒரு வேற்றுமை தென்படும். திறந்து கிடக்கும் தொட்டியின் மஞ்சள் வெயிலில் மேலும் வெளுத்திருக்கும். மூடிக்கிடந்த ஃபேரிங்கின் மஞ்சள் அவ்வளவு வெளுத்திராது. இதை அவன் தாயிடம் விளக்கிச் சொன்னேன். சற்று நேரம் வண்டியையே பார்த்திருந்துவிட்டு, எந்த வருஷம் என்று மறுபடியும் கேட்டு உறுதிசெய்துகொண்டாள்.