திண்ணையில் ஒரு பள்ளிக்கூடம்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

"அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்பது நம் முன்னோர் கூறிய பழமொழி. இதனை எத்தனையோ கட்டுரைகளில் எழுதி நான் மதிப்பெண் பெற்றிருக்கிறேன். ஆனால் அம்மி நகரும் வரையில் அடிக்கிறவர் என்ன பாடுபடுவார் என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. என் அக்காவைப் பார்த்துத்தான் அதைத் தெரிந்துகொண்டேன். அந்தக் கதையை என் தோழியருக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். அதில் என் குற்றம் ஒன்றும் உண்டு. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

மணப்பாறை என்றால் எல்லாருக்கும் முறுக்குதான் நினைவுக்கு வரும். 2023-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எங்கள் வீட்டுப் பிழைப்பும் அதுவே. அம்மா அரிசி மாவில் ஓமமும் எள்ளும் சேர்த்துப் பிசைந்து முறுக்குச் சுடுவார். அப்பா அதைக் கூடையில் எடுத்துச் சென்று பேருந்து நிலையத்தில் விற்பார். அந்த வருமானத்தில்தான் அக்கா திருச்சியில் கணிதம் படித்து 2020-இல் பட்டம் பெற்றாள். பிறகு இரண்டாண்டு பி.எட். படிப்பையும் 2022-இல் முடித்தாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் அவளே. படிப்பு முடிந்த மறுமாதமே அவள் கையில் வருகைப் பதிவேட்டுடன் வகுப்புக்குள் நுழைவாள் என்று நாங்கள் எல்லாரும் நம்பியிருந்தோம்.

எதிர்வீட்டுத் தாத்தா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் அடிக்கடி சொல்வார்: "எங்கள் காலத்தில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டு, மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு காத்திருப்போம் அம்மா. பதிவு மூப்புப்படி அழைப்பு வரும். இப்போது பதிவு மட்டும் போதாதே!"

அவர் சொன்னது உண்மைதான். ஆசிரியர் தேர்வு வாரியம் 1987-இல் ஏற்படுத்தப்பட்டது. 2009-இல் கல்வி உரிமைச் சட்டம் வந்த பிறகு, எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க விரும்புவோர் தகுதித் தேர்வில் வெற்றி பெறவேண்டும் என்ற விதி வந்தது. நம் மாநிலத்தில் முதல் தகுதித் தேர்வு 2012 ஜூலையில் நடந்தது. ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். தேறியவர்களோ 2,448 பேர் மட்டுமே! 150 வினாக்களுக்கு ஒன்றரை மணி நேரம் போதவில்லை என்று எல்லாரும் முறையிடவே, அதே ஆண்டு அக்டோபரில் மூன்று மணி நேரம் கொடுத்து மறுபடியும் தேர்வு வைத்தார்கள். தகுதித் தேர்வில் வென்றாலும் வேலை உறுதியில்லை. 2018-ஆம் ஆண்டு அரசாணையின்படி, நியமனத்துக்கெனத் தனியே ஒரு போட்டித் தேர்வும் எழுதவேண்டும்.

அக்கா முதன்முறையாக 2023 பிப்ரவரியில் இரண்டாம் தாளை எழுதினாள். அவள் பிரிவினருக்கு அப்போது 82 மதிப்பெண் தேவை. அவள் பெற்றதோ 79. மூன்றே மதிப்பெண்! நாம் மூன்று மதிப்பெண்ணுக்காக விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு ஆசிரியையின் பின்னால் ஓடுகிறோம் அல்லவா? அக்கா யாரிடம் ஓடுவாள்? 2024 பிப்ரவரியில் பட்டதாரி ஆசிரியர்களுக்கான போட்டித் தேர்வு நடந்தபோது அவளால் அதை எழுத இயலவில்லை. அடுத்த தகுதித் தேர்வு 2025 நவம்பரில்தான் வந்தது. மூன்று மதிப்பெண்ணுக்கு விலை ஏறக்குறைய மூன்று ஆண்டுகள்.

இடையில் ஒரு தனியார் பள்ளிக்கு நேர்காணலுக்குச் சென்றாள். "முன் அனுபவம் உண்டா?" என்று கேட்டார்களாம். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்! அன்று வீடு திரும்பியவள் ஒன்றும் பேசாமல் அம்மாவின் பக்கத்தில் அமர்ந்து மாவு பிசைந்தாள். அம்மா எண்ணெயிலிருந்து அரைவேக்காட்டு முறுக்குகளை எடுத்துத் தட்டில் பரப்பிக்கொண்டே, "ஆறிய பிறகு மறுபடியும் எண்ணெயில் போட்டு எடுத்தால்தான் நம்மூர் முறுக்கு மொறுமொறுப்பாக இருக்கும். ஒரு தடவை வெந்தது போதாது, கண்ணு" என்றார். அக்கா சிரித்துவிட்டாள்.

அக்கா சும்மா இருக்கவில்லை. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்ததில் பிள்ளைகள் பாடங்களை மறந்துபோயிருந்தார்கள். அவர்களுக்காக 2021 அக்டோபரில் அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. பி.எட். படித்துக்கொண்டிருந்த அக்கா அதில் தன்னார்வலராகச் சேர்ந்து, எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக் கொடுத்தாள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை கிடைத்தது. அது முடிந்த பிறகும் பிள்ளைகள் எங்கள் திண்ணையை விடவில்லை. இப்போதும் பதினான்கு பேர் வருகிறார்கள். பின்னம் புரியாத பையனுக்கு உடைந்த முறுக்குகளை வைத்தே அரை, கால், அரைக்கால் என்று விளக்குவாள். பாடம் முடிந்ததும் கணக்கை அவர்களே தின்றுவிடுவார்கள்!

"உனக்குச் சலிப்பே வராதா, அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். அவள் ஐன்ஸ்டீனைப் பற்றிச் சொன்னாள். அவர் 1900-இல் சூரிச் நகரில் பட்டம் பெற்றார். துணை ஆசிரியர் வேலை கேட்டுப் பல பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதினார், ஒருவரும் தரவில்லை. 1901-இல் சில மாதங்கள் தற்காலிக ஆசிரியராக இருந்தார். 1902-இல் பெர்ன் நகரச் செய்தித்தாளில், கணிதமும் இயற்பியலும் கற்றுத் தரப்படும், மாதிரிப் பாடம் இலவசம் என்று விளம்பரம் கொடுத்தார். அதே ஆண்டில்தான் காப்புரிமை அலுவலகத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. 1905-இல் அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளை உலகமே அறியும். "அவருக்கே டியூஷன்தான் கை கொடுத்தது. நமக்கென்ன?" என்றாள் அக்கா.

இப்படிப்பட்ட அக்காவுக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜூன் மாதம் வகுப்பு தொடங்கியபோது சிஸ்டர் ஒவ்வொருவரிடமும் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். "அக்கா வேலை தேடிக்கொண்டிருக்கிறாள்" என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "திருச்சியில் ஒரு பள்ளியில் கணித ஆசிரியையாக இருக்கிறாள், சிஸ்டர்" என்று சொல்லிவிட்டேன். செப்டம்பரில் சிஸ்டர், "ஆசிரியர் தின விழாவுக்கு உன் அக்காவையும் அழைத்து வா" என்றபோது என் கைகால்கள் நடுங்கின.

அன்றிரவு அக்காவிடம் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அவள் சான்றிதழ்களை உறையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "வேலை இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. என்னைப் பற்றிச் சொல்ல நீ வெட்கப்பட்டாயே, அதுதான் வருத்தம்" என்றாள். அவள் என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திராது.

மறுநாள் சிஸ்டரிடம் சென்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். "பொய் சொன்னது தவறு. நீயே வந்து சொன்னது நல்லது" என்றார். பிறகு, "உன் அக்காவிடம் எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள்?" என்று கேட்டார். "பதினான்கு பேர், சிஸ்டர்." "அப்படியானால் அவர் ஆசிரியைதானே? அவரை நான் அழைத்தது அழைத்ததுதான்."

அக்கா தயங்கித் தயங்கி வந்து கடைசி வரிசையில் அமர்ந்தாள். ஆசிரியைகளுக்கு ரோஜாப் பூக் கொடுக்கும் நேரத்தில், எங்கள் திண்ணைக்கு வரும் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நேராகக் கடைசி வரிசைக்கு ஓடினாள். தன் கையிலிருந்த பூவை அக்காவிடம் நீட்டினாள். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் மேடையருகிலிருந்து பார்த்தேன்.

2025 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் எழுந்து, அப்பாவுடன் பேருந்தேறிச் சென்று அக்கா இரண்டாம் தாளை எழுதினாள். மாலையில் களைத்துத் திரும்பியவளிடம், "எப்படி எழுதினாய்?" என்று ஓடிப்போய்க் கேட்டேன். "தெரிந்ததையெல்லாம் எழுதிவிட்டேன். நாளைக்கு டியூஷன் உண்டு என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடு" என்றாள்.

அன்புத் தோழியரே! இந்த ஆண்டு நாம் பொதுத் தேர்வு எழுதுகிறோம். சிலர் நினைத்த மதிப்பெண்ணைப் பெறுவோம். சிலருக்கு மூன்று மதிப்பெண் குறையலாம். அப்போது மனம் உடைந்து மூலையில் உட்காராமல், மறுநாள் செய்யவேண்டிய வேலையைச் செய்வோம். நம்பிக்கைக்கு அதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது யாரேனும் என் அக்காவைப் பற்றிக் கேட்டால், "அவள் ஆசிரியை வேலை தேடுகிறாள். மாலை நேரத்தில் பதினான்கு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள்" என்று தலைநிமிர்ந்து சொல்கிறேன். பதினைந்தாவது பிள்ளையாக நானும் அந்தத் திண்ணையில்தான் படிக்கிறேன்.