வெற்றுத் தாளுக்கு மார்க்கு

இருபது வருஷமாக நாம் பள்ளிக்கூடத்தில் மார்க்குப் போட்டு வருகிறோம். வெற்றுத் தாளைக் கண்டால் பூஜ்யம் போட ஒரு கணமும் தயங்கியதில்லை. பதில் எழுதாதவனுக்கு விஷயம் இல்லை என்பது உபாத்தியாயர்களின் சித்தாந்தம். அந்தச் சித்தாந்தம் சென்ற மழைக்காலத்தில், தாம்பரத்துக்கு அருகிலுள்ள ஓர் ஆஸ்பத்திரியில் தவிடுபொடியாயிற்று.

நம் தாயாருக்கு வயது 78. சில வருஷங்களாக மறதி நோய். நம்மை ஒரு நாள் பிள்ளை என்பார். மறு நாள் தமது அண்ணா என்பார். சேலையூர் வீட்டு முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ரண சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அப்புறம் வந்தவர்களெல்லாம், "பாட்டி, வலிக்கிறதா?" என்று கேட்டார்கள். "இல்லையடி குழந்தை! நீ சாப்பிட்டாயா?" என்பதே தாயாரின் பதில். 'வலியில்லை' என்று குறிப்பில் ஏறிற்று. நாமும் இரண்டு இரவு நிம்மதியாகத் தூங்கினோம்.

மூன்றாம் இரவு வேலைக்கு வந்த நர்ஸ் எதுவும் கேட்கவில்லை. கட்டிலருகே ஐந்து நிமிஷம் பேசாமல் நின்றார். பிறகு தாயாரை ஒருக்களித்துப் படுக்க வைக்கும்போது அவர் முகத்தையே கவனித்தார். காகிதத்தில் எண்களைக் குறித்தார். என்னவென்று விசாரித்தோம்.

அது 2003-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் வெளியான 'பெயினாட்' என்னும் முறையாம். மூச்சு, முனகல், முகக் குறி, உடம்பின் நிலை, தேற்றினால் தேறுகிறாரா என்பது, ஆகப் பாடங்கள் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் உச்சம் 2, மொத்தம் 10. இந்தப் பரீட்சையில் அதிக மார்க்கு வாங்குவது நல்லதன்று. தாயார் அசையாமல் படுத்திருக்கையில் 2 வாங்கினார், புரட்டியபோது 7!

"ஸார், முன்னெல்லாம் வலி வந்தால் அம்மா என்ன செய்வார்கள்?" என்று நர்ஸ் கேட்டார். நாம் யோசித்தோம். தாயார் ஒரு நாளும் வலியென்று சொன்னவரல்ல; முந்தானை நுனியை விரலில் சுற்றி முறுக்குவார். திரும்பிப் பார்த்தோம். போர்வை நுனி அவர் விரலில் முறுக்கேறியிருந்தது. இரண்டு நாளாக அதைப் பார்த்துக் கொண்டுதான் இருந்தோம். ஏதோ குழந்தை விளையாட்டு என்று எண்ணியிருந்தோம்!

இது நம் வீட்டுப் பிழை மாத்திரமன்று. 2000-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. இடுப்பெலும்பு முறிந்தவர்களில், மறதி நோய் முற்றியவர்களுக்குக் கிடைத்த மார்பியா வகை மருந்து, நினைவு தெளிந்தவர்களுக்குக் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்குதான் என்று அதில் கண்டார்கள். எலும்பு என்னவோ இருவருக்கும் ஒரே மாதிரிதான் முறிகிறது!

மார்க்கு மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். பசி, பயம், சிறுநீர் முட்டுதல் ஆகியவையும் முகத்தைச் சுளிக்க வைக்கும். அந்த நர்ஸ் அவற்றையெல்லாம் பார்த்த பின்னரே டாக்டரிடம் சொல்லி மருந்து கொடுத்தார். ஒரு மணி நேரம் கழித்து வந்து மறுபடியும் புரட்டிப் பார்த்தார். இம்முறை 3. போர்வை நுனி விரலிலிருந்து நழுவியிருந்தது.

இத்தகைய முதியோர் வீட்டிலிருந்தால் நேயர்கள் ஒன்று செய்யலாம். அவர்கள் வலியை எப்படிக் காட்டுவார்கள் என்று ஒரு சீட்டில் எழுதி நர்ஸிடம் கொடுங்கள். முந்தானைச் சமாசாரம் எந்த வைத்திய நூலிலும் இராது.

நாமும் இப்போது வெற்றுத் தாள் வந்தால், பூஜ்யம் போடுமுன் பையனின் முகத்தை ஒரு தடவை பார்க்கிறோம்.